கைரேகை பொருந்தவில்லை

அந்த மெஷினுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் எட்டு வாக்கியம். ‘வணக்கம்’ என்பதையும் ஒரு வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டால்தான் எட்டு. அதில் ஒரு வாக்கியத்தை நான் மூன்று மாதம் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வரிசையில் நின்றவர்களையும் நம்ப வைத்தேன்.

ரேஷன் கடை மேஜையில் செங்கல் பருமனுக்குக் கறுப்பாக உட்கார்ந்திருக்குமே, விரல் வைக்கிற மெஷின், அதைப் பழுது பார்ப்பது என் வேலை. அதன் உள்ளே ஓடுவது செல்போனில் ஓடுகிற அதே சிஸ்டம்தான். படம், பாட்டு, விளையாட்டு என்று மனுஷனுக்குப் பிடித்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, விரல் வாங்கவும் பில் அடிக்கவும் மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். திண்டிவனத்தில் குடியிருக்கிறேன். காலையில் பஸ் பிடித்து விழுப்புரம் போவேன். அங்கே ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் மாடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை. மேஜையில் உட்கார்ந்ததைவிட, பையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலைந்ததுதான் அதிகம். கடைகளில் என் பெயர் ‘மெஷின் மேடம்’. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவாக நான் முன்கோபக்காரி. மேடம் என்று ஒருவர் கூப்பிட்டால் கோபம் பாதி குறைந்துவிடும்.

விரல் எடுபடாதவர்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு கைவைத்தியம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லை, கடைகடையாகப் போய் நாங்களே கற்றுக்கொண்டது. தோல் காய்ந்திருந்தால் விரலைத் தலைமுடியில் இரண்டு இழுப்பு இழுத்து எண்ணெய்ப் பசை ஏற்ற வேண்டும். எண்ணெய் வைக்காத தலை என்றால் மூக்கின் ஓரத்தில் தேய்க்கலாம். அழுக்கு ஏறிய கை என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொல்ல வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரலாக வைக்க வேண்டும். ரேஷன் வரிசையில் நிற்கிறவர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிப்பதில்லை.

காணை தாண்டி உள்ளே போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ஊர் அது. ஒரு நாள் காலை அந்தக் கடை சேல்ஸ்மேன் போன் செய்தார். போய் இறங்கியபோது வரிசை ரோடு வரைக்கும் வந்திருந்தது. மேஜைக்கு முன்னால் ஒரு அம்மா, இடது கையில் பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலது கை விரலை மெஷின் மேல் அழுத்திக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

“மேடம், ஜல்தி பாருங்க. இந்தம்மா காலைல இருந்து ஒரே பேஜாரு பண்ணிக்கினு கீறாங்க. பத்து வாட்டி வெச்சாச்சு, வரல” என்றார் சேல்ஸ்மேன்.

திரையில் அந்த வாக்கியம் இருந்தது: கைரேகை பொருந்தவில்லை.

“அக்கா, இன்னா வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டேன்.

“சோகை உரிக்கப் போறேன் யம்மா.”

கரும்பின் காய்ந்த தோகையைக் கையால் உரித்துப் போடுகிற வேலை. தோகையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

“அதான். ரேகை தேஞ்சிப் பூடுச்சி. கைய நல்லா தேய்ச்சிக் கழுவிட்டு, தேங்காண்ண தடவிக்கினு வாங்க. இனிமே ரெண்டு விரலா வெய்யுங்க.”

அவர் கையை நான் திருப்பிப் பார்த்தேனா? பார்த்ததாக நினைவில்லை. மெஷின் சொன்னதைத்தான் பார்த்தேன். பிறகு வழக்கமான சோதனை. சர்வீஸ் ஆட்கள் எங்கள் விரலை வைத்து உள்ளே நுழைகிற ஒரு வழி உண்டு. என் விரலை வைத்தேன், ஒரு நொடியில் பச்சை விளக்கு எரிந்தது. டவர் முழுசாக இருந்தது. கடை நோட்டில் ‘மெஷின் நன்றாக இயங்குகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். இப்போதும் அந்த நோட்டில் அழகாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவின் கதையை சேல்ஸ்மேன்தான் டீ வாங்கிக்கொடுத்துச் சொன்னார். புருஷன் கரும்பு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. ரேஷன் கார்டில் அவர்கள் இரண்டே பேர். அவர் வர முடியாது, ஆகவே அந்த வீட்டு அரிசி இந்த அம்மாவின் விரலில்தான் இருந்தது. கார்டில் சேர்த்திருந்த செல் நம்பர் எப்போதோ காலாவதியான நம்பர். அதில் ரகசிய எண் வர வழியில்லை. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போடலாம்தான். ஆனால் ஒருமுறை அப்படிப் போட்டு மெமோ வாங்கியதிலிருந்து சேல்ஸ்மேனுக்கு அந்த நோட்டைத் தொடவே பயம்.

“மூணு மாசம் சேந்தாப்ல வாங்கலன்னா கார்டை முடக்கிடுவாங்க மேடம். அப்புறம் அத எழுப்பறதுக்குள்ள ஆளு செத்துப் பூடுவாங்க.”

“அதுக்குள்ள வந்துரும்” என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் நான் போனபோது அந்த அம்மா வரிசையில் இல்லை. கடைக்குப் பக்கத்துக் குழாயடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு ஓட்டுச் சில்லை வைத்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் அடிப்பிடிப்பைத் தேய்க்கிற மும்முரம். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை விரித்துக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டியதைக் காட்டுவது போல.

“நீ சொன்னாப்லயே பண்ணிக்கினு வரேன் யம்மா. தெனம் ரெண்டு வேளை.”

இரண்டு விரலை வைத்தார். மெஷின் யோசித்தது. அதன் திரையில் ஒரு வட்டம் சுற்றும். அது சுற்றி முடிக்கிற வரை வரிசையே மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுற்றி முடித்துவிட்டு அதே வாக்கியத்தைக் காட்டியது. பின்னால் நின்ற ஒருத்தி, “மெஷினுக்கே உனுக்கு அரிசி போட மனசு வரலடி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார்.

“இன்னும் நல்லா தேய்க்கணும் அக்கா” என்றேன்.

இந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது மாதம் கிளியனூர் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து புகார் வந்தது. போனால், காலேஜ் படிக்கிற ஒரு பெண். வீட்டுக்காக விரல் வைக்க வந்திருக்கிறாள், எடுபடவில்லை. நான் வழக்கம்போல வாயைத் திறந்து, “கை தேஞ்சிருக்கும்மா…” என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் நகப்பூச்சு போட்ட விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “எனுக்கா? எதுல தேயும் மேடம், போன் நோண்டியா? வூட்ல ஒரு டம்ளர் கூட நான் கழுவுனதில்ல. வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலில் ரேகை அச்சடித்தது போல் தெளிவாக இருந்தது. தேய்ந்த விரல் என்று அதைச் சொல்ல வாய் கூசியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: இந்தக் கடைக்கும் காணை பக்கத்துக் கடைக்கும் மூன்று மாதம் முன்பு ஒரே வாரத்தில்தான் பழைய சிம்மை எடுத்துவிட்டு வேறு கம்பெனி சிம் போட்டிருந்தார்கள். போட்டது நான்தான்.

அன்று மதியம் விழுப்புரம் ஆபீசில் இரண்டு கடை மெஷின்களின் லாகையும் இறக்கினேன். லாக் என்றால் மெஷின் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு. எப்போது என்ன கேட்டது, யாருக்கு அனுப்பியது, என்ன பதில் வந்தது எல்லாம் வரிவரியாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாகப் படிப்பேன். அப்புறம் படிப்பதை விட்டுவிட்டேன். திரையில்தான் தமிழில் காரணம் வருகிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும் என்கிற எண்ணம்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தேன். ‘பொருந்தவில்லை’ என்று காட்டிய இடங்களில், சர்வர் பொருந்தவில்லை என்று சொல்லவே இல்லை. சர்வர் எதுவுமே சொல்லவில்லை. மெஷின் விரலை அனுப்பியிருக்கிறது, காத்திருந்திருக்கிறது, பதில் வரவில்லை. சிக்னலே இல்லையென்றால் ‘இணைப்பு இல்லை’ என்று காட்டத் தெரியும். சிக்னல் இருந்தும் பதில் வராவிட்டால் என்ன காட்டுவது என்று அந்த புரோகிராம் எழுதியவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல், கைக்கு வந்த வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பழி விரல் வைத்தவர் மேல் விழுந்தது.

ஏன் பதில் வரவில்லை என்பதைச் சென்னை ஆபீசில் கேட்டேன்.

“பிங் வருதா?” என்றார்கள். சர்வரைச் சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற சோதனை அது.

“வருது சார்.”

“அப்ப நெட்வொர்க் ஓகே. யூசர் விரல் பிரச்சினைன்னு போட்டு புகார் டிக்கெட்டை மூடுங்க மேடம்.”

“சார், நான் முழுசா சொல்லிர்றேன்…”

“மேடம், பிங் வருதில்ல?”

போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததை எழுதினால் இது வேறு மாதிரிக் கட்டுரையாகிவிடும்.

சாயங்காலத்துக்குள் நானே பிடித்தேன். சிக்கல் அளவில் இருந்தது. நெட்டில் எதை அனுப்பினாலும் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். ஒரு பொட்டலம் இவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று மெஷினில் ஓர் அளவு குறித்திருக்கும். ரயில்வே பாலத்துக்குக் கீழே போகிற பாதையில் உயரக் கம்பி நட்டிருப்பார்களே, அது போல புது சிம் போகிற வழியில் எங்கோ கம்பி தாழ்வாக இருந்தது. சின்ன பொட்டலம் எல்லாம் தாராளமாகப் போய்விடும். சென்னைக்காரர் நம்புகிற பிங் சின்னது. என் விரலை மெஷினே ஒப்பிட்டுவிட்டு அனுப்புகிற சர்வீஸ் செய்தியும் சின்னது. பெரிய பொட்டலம் கம்பியில் இடித்து நின்றுவிடும். ‘இவ்வளவு பெரிசு வராது, சின்னதாகக் கட்டி அனுப்பு’ என்று அங்கிருந்து ஒரு சேதி திரும்பி வந்திருக்க வேண்டும். அந்தச் சேதியையும் வழியில் யாரோ தடுத்து வைத்திருந்தார்கள். அதனால் மெஷினுக்கு எதுவுமே தெரியாது, காத்துக்கொண்டே இருக்கும்.

எந்த விரலுக்குப் பொட்டலம் பெரிதாகும்? ரேகை தெளிவாக இருக்கிற விரலுக்கு. மெஷின் ரேகையில் புள்ளிகளைக் குறித்து அனுப்புகிறது. தேய்ந்த விரலில் கொஞ்சம் புள்ளி, சின்ன பொட்டலம், போய்ச் சேர்ந்துவிடும். சுத்தமான விரலில் நிறையப் புள்ளி. இரண்டு விரலாக வைத்தால் இரண்டு மடங்கு.

அந்த அம்மாவின் வரிகளைத் தனியாக எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் விரலின் தரத்துக்கு மெஷின் ஒரு மதிப்பெண் போட்டிருந்தது. முதல் மாதம் அந்தக் கடையில் விரல் வைத்த அத்தனை பேரிலும் அவருடைய மதிப்பெண்தான் மேல். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சிலருக்கு எந்த வேலை செய்தாலும் அப்படி ஒரு தோல். இரண்டாவது மாதம் இன்னும் ஏறியிருந்தது. என் கைவைத்தியம் வேலை செய்திருக்கிறது. அவர் தேய்க்கத் தேய்க்க ரேகை துலங்கி, பொட்டலம் பெருத்து, பாதையில் மாட்டியிருக்கிறது. மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அவர் விரல் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. அதை யாரும் பார்க்கவும் இல்லை, பொருந்தவில்லை என்று சொல்லவும் இல்லை. சொன்னது நான்.

மூன்றாவது மாதத்து வரிகளில் மதிப்பெண் கடகடவென்று இறங்கியிருந்தது, இரண்டு விரலாக வைத்ததால் பொட்டலம் மட்டும் இன்னும் பெரிதாகவே இருந்தது. அது என் கண்ணில் பட்டது. கண்டுபிடித்துவிட்ட குஷியில் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. சர்வீஸ் மெனுவில் உள்ளே உள்ளே போனால் அந்த அளவு ஒரு வரியில் இருக்கும். அதைக் குறைத்து, மெஷினை அணைத்துப் போட்டால் முடிந்தது. அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று விதி. கை வைத்தேன். மறுநாள் காலை கிளியனூர் பக்கத்தில் அந்தக் காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னேன்; உடனே பில் வந்தது. “நான் சொன்னேன்ல?” என்றாள். அவள் கன்னத்தைக் கிள்ளத் தோன்றியது. அங்கிருந்து திண்டிவனம் வந்து, விழுப்புரம் பஸ் மாறி, காணை தாண்டி அந்தக் கடைக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன். மாதத்தின் கடைசி வேலை நாள் அது. நாள் தப்பாமல் வந்துவிட்டோம் என்கிற பெருமை வேறு.

மெஷினைச் சரிசெய்துவிட்டு சேல்ஸ்மேனை அனுப்பி அந்த அம்மாவைக் கூட்டி வரச் சொன்னேன். வந்தார். முந்தானையில் கையைச் சுற்றியிருந்தார். மெலிந்திருந்தார். அந்த மூன்று மாதம் கேப்பைக் கூழும் அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய அரிசியுமாக ஓடியதாக சேல்ஸ்மேன் சொல்லியிருந்தார்.

“வாங்க அக்கா, இன்னிக்கி வந்துரும். வெய்யுங்க” என்றேன்.

முந்தானையைப் பிரித்துவிட்டு இரண்டு விரலை வைத்தார். வட்டம் ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றவில்லை. சட்டென்று வாக்கியம் வந்தது: கைரேகை பொருந்தவில்லை.

லாகைத் திறந்தேன். பொட்டலம் போயிருந்தது. சர்வரிலிருந்து பதிலும் வந்திருந்தது. இந்த முறை விரலை வாங்கி, பார்த்து, ஒப்பிட்டு, சர்வரே சொல்லியிருந்தது, பொருந்தவில்லை என்று.

அப்போதுதான் முதன்முதலாக அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பத்து விரல் நுனியும் வழுவழுவென்று, இளஞ்சிவப்பாக, தீக்காயம் ஆறிய தோல் போல் மின்னின. ஒரு கோடு இல்லை. இரண்டு விரலில் இன்னும் புண் ஆறவில்லை.

“இன்னா பண்ணீங்க அக்கா?”

“ஓட்டுச் சில்லு பத்தலன்னு சோடா உப்பு போட்ட சுடுதண்ணில ஊற வெச்சேன். அதுவும் பத்தல. பக்கத்து வூட்டுல தரை கழுவுற ஆசிட்டு இருந்திச்சி. தண்ணி கலந்து, கொஞ்சூண்டுதான் யம்மா. அழுக்கு உள்ளார எறங்கிக்கினு இருக்கும், அதான் வரலன்னு அந்த வூட்டுக்காரங்கதான் சொன்னாங்க.”

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நோட்டில் கையெழுத்து வாங்கிப் போடச் சொல்லி சேல்ஸ்மேனிடம் சண்டை போட்டேன். அவர் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். மாதம் முடிந்தது, கார்டு முடங்கியது. தப்பு மெஷினில்தான் என்று லாகோடு சேர்த்து நான் எழுதிய மனுவுக்கு, தோல் ஆறியபின் புதிதாக ரேகை பதிந்து வரவும் என்று பதில் வந்தது. ஆசிட் பட்ட தோலில் ரேகை திரும்ப வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அனுமதி இல்லாமல் கை வைத்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் வீட்டிலிருந்து அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன், இப்போதும் கொடுக்கிறேன். அதை நல்ல காரியம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அன்று அந்த மேஜைக்கு முன்னால், அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னேன்.

“அக்கா, உங்க கை நல்லாத்தான் இருந்திச்சி. மொதல்ல இருந்தே நல்லாத்தான் இருந்திச்சி. தப்பு மெஷின்ல. நான்தான் பாக்காம சொல்லிட்டேன். உங்க விரல்ல ஒரு கொறையும் இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். உதடு அசைய மெதுவாகப் படித்தார்.

“அதே எழுத்துதான யம்மா வருது?”

அவர் என் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், “நீ ஒண்ணும் கவலப்படாத. கடைய மட்டும் மூடிட வேணாம்னு சொல்லு. இன்னும் ஒருவாட்டி நல்லா தேய்ச்சிக் கழுவிக்கினு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுக் குழாயடியை நோக்கி நடந்தார்.